மூன்றாம் ஆளின் பங்கு

பரவைத்துறைக் கடற்கரைப் பூங்காவில் வலை இழுக்கிற பாவனையில் நிற்கும் ஏழு சிமெண்டு ஆட்களும் நிஜமாகவே இழுக்கத் தொடங்கியது ஓர் ஆவணி மாதத்து முற்பகலில், நல்ல வெயிலில், நடைப்பயிற்சிக்காரர்கள் வீட்டுக்குப் போய், காதலர்கள் இன்னும் வந்து சேராத இடைவேளையில். முதலில் பார்த்தவள் பூங்கா வாசலில் வேர்க்கடலை விற்கிற எங்கள் அஞ்சலாட்சி, பார்த்தவள் கூச்சல் ஏதும் போடாமல், “மூணாவது ஆளு கால மாத்தி வெக்கிறான்” என்று பக்கத்துச் சோளக்கதிர்க்காரியிடம் சொல்லிவிட்டு, கடலைக்கு உப்புத் தண்ணீர் தெளித்தாள்.

“வெயிலு கண்ண கட்டுதா ஒனக்கு?” என்றாள் சோளக்கதிர்க்காரி. பிறகு அவளும் பார்த்தாள். பிறகு இருவரும் வியாபாரத்தைக் கவனித்தார்கள், ஏனென்றால் பள்ளிக்கூட வேன் ஒன்று வந்து நின்றது.

அந்த இடம் பூங்கா ஆவதற்கு முன்னால் எங்கள் குப்பமாக இருந்தது. ஊரை வாரிக்கொண்டு போன பேரலை வந்து போன பிறகு, கடற்கரையில் மனிதர் குடியிருப்பது ஆபத்து என்று நகரசபைக்காரர்கள் எங்களை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் அடுக்கு வீடுகளில் ஏற்றிவிட்டார்கள். மனிதருக்கு ஆபத்தான கடல் பொம்மைகளுக்கு ஆபத்தில்லை போலிருக்கிறது. நாங்கள் காலி செய்த இடத்தில் சங்கு வடிவத்தில் ஒரு வாசலும், வாயில் தண்ணீர் வராத தாயும் குட்டியுமான ஓங்கில் மீன்களும், அதாவது டால்பின்களும், ஏற முடியாத ஒரு குட்டிக் கலங்கரை விளக்கும், ‘நம்ம பரவைத்துறை’ என்று ஆள் உயர எழுத்துகளும், அதன் நடுவில் சிவப்பு இதயமும் வந்தன. எங்கள் மாரியம்மன் சூலம் நட்டிருந்த இடத்தில்தான் அந்த இதயம் நிற்கிறது, ஊர் ஊராக வந்து அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழசில் மிச்சம் ஒரு பூவரச மரம் மட்டும். அதை வைத்துத்தான் யார் வீடு எங்கே இருந்தது என்று நாங்கள் கணக்குச் சொல்லுவோம், அந்தக் கணக்கின்படி மூன்றாவது சிமெண்டு ஆளின் இடது கால் ஊன்றியிருப்பது அஞ்சலாட்சியின் அடுப்படியில்.

இந்த ஏழு பேரையும் செய்த சிற்பி கடல் பார்க்காத ஊர்க்காரர். ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செய்தார். கரைவலைக்குக் கயிறு இரண்டு. ஒரு கூட்டம் இங்கே நின்று ஒரு கயிற்றை இழுக்க, இன்னொரு கூட்டம் கூப்பிடு தூரத்தில் நின்று மற்றக் கயிற்றை இழுக்க, இரண்டும் நெருங்கி நெருங்கி வந்தால்தான் வலையின் வாய் மூடும், மீன் சேருகிற பையான மடி கரையேறும். புகைப்படத்தில் ஒரு கூட்டம்தான் விழுந்திருந்தது, சிற்பியும் ஒரு கூட்டத்தைத்தான் செய்தார், அவர்கள் கைக்கு ஒரு சிமெண்டுக் கயிறும் கொடுத்து அதைக் கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரோடு முடித்துவிட்டார். திறப்பு விழாவுக்கு எங்களையும் வெள்ளை வேட்டி கட்டச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் கிராமத்துத் தலைவர் கோதண்டம் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “ஏன் சார், அந்தாண்டக் கயிறு எங்க? இத வெச்சி எறா கூட புடிக்க முடியாதே” என்று கேட்டார். பூங்காப் பொறியாளர் சிரித்து, “இது ஒரு குறியீடுங்க” என்றார். அன்றிலிருந்து குப்பத்தில் யாராவது அரைகுறையாக வேலை செய்தால் குறியீடு என்றுதான் சொல்லுவோம்.

இப்போது அந்த அரைகுறை வலையைத்தான் ஏழு பேரும் இழுத்தார்கள். நிழல் நகர்வது போல, பார்க்கும்போது தெரியாது, வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரியும். கயிறு கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கடலுக்குள் நீண்டிருந்தது, ஏழாவது ஆளுக்குப் பின்னால் புல்வெளியில் ஈரச் சிமெண்டுக் கயிறு பாசியோடும் சிப்பியோடும் சுருள் சுருளாகக் குவிந்தது. நகரம் அதற்கு இரண்டொரு வாரத்தில் பழகிப்போனது. யோகா செய்கிறவர்கள் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள், நடைப்பயிற்சிக்காரர்கள் கவுச்சி அடிக்கிறது என்று மனுக் கொடுத்தார்கள், மனு வந்ததால் பொறியாளர் இயந்திரம் வைத்துக் கயிற்றை அறுத்து லாரியில் ஏற்றிப் பள்ளமான சாலைகளில் கொட்டினார், கொட்டக் கொட்டக் கயிறு வந்தது, பரவைத்துறையில் குண்டும் குழியுமில்லாத சாலைகள் அந்த ஒரு வருஷம்தான் இருந்தன. எதை இழுக்கிறார்கள் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. தானாக வருகிற கல்லுக்கு யார் காரணம் கேட்பார்கள்?

கேட்டது நாங்கள்தான், அதுவும் கயிற்றின் சுருளில் சிக்கி ஒரு சிலேட்டுச் சட்டமும், பிறகு மூடி போன தூக்குவாளியும், பிறகு எங்கள் மாரியம்மனின் சூலமும் வந்த பிறகு. சூலத்தைக் கோதண்டம் தோளில் போட்டுக்கொண்டு அடுக்கு வீட்டு மைதானத்துக்கு வந்தார். எந்த நாளில் போட்ட வலை அது என்பதும், அதன் மடியில் இருப்பது யார் என்பதும் யாரும் சொல்லாமலே எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அலையில் போனவர்களில் உடம்பு கிடைத்தவர்களை அப்போதே புதைத்தோம். கிடைக்காதவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீடுகளில் பெரும்பாலானவர்கள் ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கடலில் பால் ஊற்றி, படத்துக்கு மாலை போட்டுக் காரியம் முடித்துவிட்டார்கள். அஞ்சலாட்சி முடிக்கவில்லை. அவள் மகள் பூவிழி, மூன்றாம் வகுப்பு, அன்று காலை பூவரச மரத்தடியில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள், அடுப்படியிலிருந்து அஞ்சலாட்சிக்குக் கொலுசுச் சத்தம் கேட்டது, பிறகு கடல் சத்தம் கேட்டது, அதோடு சரி. அஞ்சலாட்சியின் புருஷன் சிங்காரம் எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தான். “எம்மாங்காலம்டி இப்பிடியே? ஒரு பூவப் போட்டு விட்டுடலாம், அதுவும் நிம்மதியா போவட்டும்” என்பான். “கண்ணால பாக்காம எம் பொண்ணுக்கு மால போட மாட்டன்” என்பாள் அவள். சுவரில் பூவிழியின் படம் மாலையில்லாமல், பொட்டில்லாமல், பள்ளிக்கூடச் சீருடையில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள்.

ஆகவே மைதானத்தில் கூடியபோது எல்லாரும் பேசினார்கள், அவள் பேசவில்லை. வேதாசலம் பேசினான், மனைவியை அலைக்குக் கொடுத்த பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளும் பெற்றவன் அவன். “போனது போனதாவே இருக்கட்டும் தலைவரே. அவ வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பாக்கறது?” என்றான், சொல்லும்போதே அழுதான். அவன் சொன்னதில் தப்பில்லை என்று பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

கோதண்டம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். “ஒத்தக் கயித்துல இழுத்தா வாயி மூடாது. அது ஒனக்கும் தெரியும். கரைக்கு வர்றதுக்குள்ள அம்மாம்பேரும் அந்தாண்டப் பக்கமா வழிஞ்சி பூடுவாங்க. ரெண்டாந் தபா சாவணுமா அவங்க?” என்றார்.

இழுபடுகிற வலையைப் பாதியில் விடுவது எங்களில் வழக்கமில்லை. கரையில் போகிற அந்நியன்கூட வலை வரும்போது கயிற்றில் ஒரு கை வைத்துவிட்டுத்தான் போவான், கை வைத்துவிட்டால் அவனுக்கும் பங்கு உண்டு, கடைசி வரைக்கும் கயிற்றை விடாதவன் எவனாயிருந்தாலும், எந்த ஊரானாயிருந்தாலும், அவனுக்கு ஒரு கூறு உண்டு. இது எங்கள் பாட்டன் பூட்டன் வைத்த சட்டம். எங்களை ஏற்றி இறக்கிய சட்டங்களையெல்லாம் பார்த்த பிறகு, எங்களுக்கு மிச்சமிருக்கிற சட்டமும் அதுதான்.

தேடிப் போய்ப் பார்த்தால், இரண்டாவது கயிறு பூங்காவுக்கு வடக்கே, கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவுக்கு அடியில், அலையில் புரண்டு கொண்டிருந்தது. அது நல்ல தேங்காய்நார்க் கயிறு. விடிந்ததும் குப்பமே இறங்கியது. பெண்கள் கரைவலைக் கயிறு பிடிப்பதில்லை, அன்று பிடித்தார்கள். வேதாசலமும் வந்தான், அவன் இரண்டாம் மனைவியும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அவனுக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தாள். சிங்காரம் முன்னால் நின்று வலை இழுக்கிற அம்பாப் பாட்டைப் பாடினான், நாங்கள் பின்பாட்டுப் பாடினோம், அந்தப் பாட்டு பூங்காச் சுவரைத் தாண்டிப் போனபோது, அத்தனை நாளும் தாளமில்லாமல் இழுத்த சிமெண்டு ஆட்கள் எங்கள் பாட்டுக்குக் கால் மாற்றினார்கள்; நாங்கள் ஓர் அடி தெற்கே நகர, அவர்கள் ஓர் அடி பின்னால் சாய, இரண்டு கயிறும் நெருங்கின, கடல் கனத்தது, வெயில் ஏறி இறங்கியது, நாங்கள் பூங்காவின் கைப்பிடிச் சுவரை ஏறிக் கடந்து புல்வெளியில் நின்று இழுத்தோம், எங்கள் பழைய வீடுகளின் மேல் நின்று இழுத்தோம். பூங்கா வாட்ச்மேன் தாவீது விசில் ஊதப் பார்த்தான், பிறகு விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். அஞ்சலாட்சியின் உள்ளங்கை உரிந்து கயிறு சிவந்தது. “தண்ணியாவது குடி யக்கா” என்று யாரோ செம்பை நீட்டினார்கள். “கைய எடுக்க மாட்டன்” என்றாள்.

மாலை வெயில் மஞ்சளாகும்போது மடி கரையேறியது. நாங்கள் முகங்களை எதிர்பார்த்திருந்தோம். எந்த முகம் எப்படி இருக்கும், வயது ஏறியிருக்குமா, நம்மைத் தெரியுமா என்றெல்லாம் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் யோசித்து வைத்திருந்தோம். வந்தது எலும்பு. வெள்ளையாக, சுத்தமாக, பெரியதும் சின்னதுமாக, ஒன்றோடொன்று கலந்து, ஒரு மடி நிறைய. வேதாசலம் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

“கலந்து வந்தத பிரிக்கறதுக்கு நமக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான்” என்றார் கோதண்டம். கூறு போட்டார்கள். கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு, பெரிய எலும்பு கொஞ்சம், சிறிய எலும்பு கொஞ்சம், கிடைத்தது கிடைத்தபடி. அப்போது ஒருவன், “அந்த ஏழு பேருக்கும் போடணுமா? கல்லுக்கு எதுக்குப் பங்கு?” என்று கேட்டான். பதில் சொன்னது அஞ்சலாட்சி.

“அவங்க இழுக்கலன்னா நாம இங்க வந்திருப்பமா? எல்லாருக்கும் முன்னால கயிறு புடிச்சவங்க. போடுங்க.”

போட்டார்கள். கூறு போட்ட பின் யாருக்கு எது என்று முடிவு செய்வதற்கும் ஒரு வழி உண்டு. எல்லாரும் நம்புகிற ஆள் ஒருவன் கூறுகளுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்பான். தலைவர் ஒரு கூறைத் தொட்டு ‘இது யாருக்கு’ என்று கேட்பார். அவன் திரும்பாமல், தன் வாயில் வருகிற பெயரைச் சொல்லுவான். அப்போது வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது, ஓர் இருமல்கூடச் சாடையாகிவிடும். யாராவது பேசிவிட்டால் எல்லாக் கூறுகளையும் கலைத்து ஒன்றாகக் கொட்டி மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். முதுகு காட்டி நிற்கச் சிங்காரத்தைத்தான் எல்லாரும் சொன்னார்கள். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான்.

சிங்காரம் திரும்பி நின்ற பிறகுதான் அஞ்சலாட்சி அதைப் பார்த்தாள். வரிசையின் நடுவில் ஒரு கூறு. அதில் எல்லாம் சின்ன எலும்புகளாகவே சேர்ந்து விழுந்திருந்தன, ஒரே பிள்ளையினுடையது போல. மேலே கறுத்துப்போன ஒரு வெள்ளிக் கொலுசு. அதன் திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் நீல நைலான் நூல். திருகாணி தொலைந்துபோனது என்று பூவிழி அழுதபோது, சிங்காரம் வலை கட்டுகிற நூலை எடுத்து, வலை பொத்துகிற முடிச்சாலேயே அதைக் கட்டிவிட்டான். ஆளுக்கு ஆள் கை மாறும், முடிச்சும் மாறும், சிங்காரத்தின் முடிச்சில் நுனி இரண்டும் ஒரே பக்கம் படுத்திருக்கும். வெள்ளி கறுத்திருந்தது, நூலின் நீலம் அப்படியே இருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற நாங்களும் பார்த்தோம். பார்த்து அவள் முகத்தைப் பார்த்தோம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் கலையும். கலைந்தால் எலும்புகள் மறுபடி ஒன்றாகக் கொட்டப்படும், கூடி வந்த பிள்ளை சிதறிப்போகும், கை ஒரு வீட்டுக்கும் கால் ஒரு வீட்டுக்கும் போகும். அவள் உரிந்துபோன கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் நாங்கள் கும்பிடாத சாமி இல்லை.

“இது யாருக்கு?”

“வேதாசலத்துக்கு.”

“இது யாருக்கு?”

“ரெண்டாம் ஆளுக்கு.”

“இது யாருக்கு?”

“என் பொஞ்சாதிக்கு.” அது பக்கத்துக் கூறு. அதில் ஒரு பெரிய ஆளின் தொடை எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

கோதண்டத்தின் கை கொலுசு இருந்த கூறுக்கு வந்தது. அவரும் பார்த்துவிட்டார், ஆனால் குரலை மாற்றினால் அதுவும் சாடைதான். எப்போதும் போலவே கேட்டார்.

“இது யாருக்கு?”

சிங்காரம் தலையைச் சொறிந்தான். தன் பெயரைச் சொல்ல இன்னும் கூச்சப்பட்டுக் கடைசிக்கு வைத்திருந்தான், அதுதான் மரியாதை. “மூணாம் ஆளுக்கு” என்றான்.

கூறுகள் எல்லாம் முடிந்து அவன் திரும்பியபோது யாரும் அவனைப் பார்க்கவில்லை. அவனாகத்தான் கண்டான். குனிந்து முடிச்சைத் தொட்டான். “நாந்தான் சொன்னனா?” என்று கேட்டான். “இத நாந்தான் சொன்னனா?” அஞ்சலாட்சி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். “நீ திரும்பிக்கினு இல்ல இருந்த” என்றாள்.

கூறை மாற்றிக்கொள்ள வழி உண்டு. கிடைத்தவன் சம்மதித்தால் மாற்றலாம். அன்று அப்படி மாற்றிக்கொண்டார்கள். ஒரு தாயத்தை அடையாளம் கண்டு ஒருத்தியும், ஒரு வெள்ளிப் பல்லை அடையாளம் கண்டு ஒருவனும் மாற்றிக்கொண்டு, கட்டிப் பிடித்து அழுதார்கள். கோதண்டம் மூன்றாம் ஆளின் முன்னால் போய்க் கை கூப்பினார். “ஒம் பங்க இந்தப் பொம்பளைக்கி உட்டுக் குடுக்கறியா?” மூன்று தடவை கேட்டார். வலை கரையேறிய கணத்தில் ஏழு பேரும் கயிற்றைக் கீழே போட்டு, விரித்த கையோடு உறைந்து நின்றிருந்தார்கள். அத்தனை நாள் கால் மாற்றியவனுக்கு ஒரு தலையாட்டல் பெரிய காரியமா? அவன் ஆட்டவில்லை.

அதற்குள் பூங்காப் பொறியாளர் ஜீப்பில் வந்துவிட்டார். எல்லாவற்றையும் பொறுமையாகவே கேட்டார், கெட்ட மனுஷர் இல்லை. கேட்டுவிட்டு, “சிலைங்க நகரசபைச் சொத்து. சிலைக்கு வந்ததும் நகரசபைச் சொத்துதானே? அத பூங்காவ விட்டு வெளிய எடுத்துனு போவ எனக்கு அதிகாரம் கெடையாதும்மா” என்றார். கயிறு வந்தபோது லாரியில் ஏற்றி வெளியே கொட்ட மட்டும் அதிகாரம் இருந்தது. எங்கள் இளவட்டங்கள் சட்டைக் கையை மடித்தார்கள். ஜீப்பைக் கவிழ்க்க ஐந்து நிமிஷம் போதும்.

“இருங்கடா” என்றாள் அஞ்சலாட்சி. அவள் மூன்றாம் ஆளின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். புல்லைத் தடவிப் பார்த்தாள், திரும்பிப் பூவரச மரத்தைப் பார்த்தாள், வாசற்படி எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கையாலேயே அளந்தாள்.

“இங்கியே இருக்கட்டும்” என்றாள். “இது எங்க அடுப்படிதான். வெளையாடிட்டு வூட்டுக்கு வந்துட்டுதுன்னு வெச்சிக்கறன்.”

மூன்றாம் ஆளின் இடது காலுக்குப் பக்கத்தில் சிங்காரம் தோண்டினான். ஒரு முழம் தோண்டியதும் சாம்பல் கலந்த மண் வந்தது. கொலுசை அவள் எடுத்துக்கொள்ளவில்லை, அதுவும் மூன்றாம் ஆளின் பங்கு என்று உள்ளேயே வைத்தாள். பிறகு தன் கூறை, யாருடையதென்று தெரியாத அந்தப் பெரிய எலும்புகளை, சேலைத் தலைப்பில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் முறையாகக் காரியம் செய்தாள். மற்ற ஆறு ஆட்களின் பங்கும் அவரவர் காலடியிலேயே புதைந்தது. அன்றைக்கு எங்கள் எல்லா வீட்டிலும் காரியம் நடந்தது. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாததால் ஒவ்வொரு வீட்டிலும் எல்லார் பெயரையும் சொல்லிப் பால் ஊற்றினோம். பூவிழியின் படத்துக்கு மாலை ஏறியது. கட்டியவன் சிங்காரம். அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகிறான், வருகிறான், அம்பா மட்டும் பாடுவதில்லை.

நகரம் இதற்கும் பழகிக்கொண்டது. தோண்டிய இடத்தில் புதுப் புல் பதித்துவிட்டார்கள், சிலைகளுக்கு வெண்கலம் போல வர்ணம் அடித்துவிட்டார்கள், விரித்த கைகளில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுக்க வசதியாக இருக்கிறது என்று இப்போது சிவப்பு இதயத்தைவிட இங்கேதான் கூட்டம். அந்தப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அஞ்சலாட்சி விற்ற கடலையின் தோல் அங்கே கிடக்கும். வியாபாரிகள் உள்ளே வரக் கூடாது என்பது பழைய விதி, அதை யாரும் மாற்றவில்லை, அவளும் கேட்கவில்லை.

பொழுது சாயும்போது தாவீது விசில் ஊதிக்கொண்டு பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தாய்மார்கள் வெளியே வருவார்கள், கடைசி ஆளும் வரும்வரை அஞ்சலாட்சி கூடையைக் கட்டாமல் வாசலிலேயே நிற்பாள். சங்கு வாசலை இழுத்து மூடும்போது அவன் வழக்கப்படி உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுப்பான்.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

“இருக்கறா” என்பாள் அஞ்சலாட்சி.

தாவீது அவளைப் பார்க்க மாட்டான். பூட்டைப் போட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போவான்.